ஒருசந்திக் காலத்து ஆட்டுப்பால்

என் கணவரின் இருமலை நாங்கள் கரியின் கணக்கில் எழுதிவிட்டோம். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி வாயுவில் ஓடிக்கொண்டிருந்தன. வண்டியின் பின்புறம் பீப்பாய் போல ஓர் அடுப்பு இருக்கும். அதில் கரியைக் கொட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊதி, வாயு ஏறிய பிறகுதான் வண்டி நகரும். அவர் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே அப்படியொரு பஸ்ஸை ஓட்டினார். வீட்டுக்கு வரும்போது மூக்கு, காது, நகக்கண் எல்லாம் கறுப்பு. துப்பினாலும் கறுப்பு. கரியடுப்போடு குடும்பம் நடத்துகிறவனுக்கு இருமல் வராமல் வேறென்ன வரும் என்று அவரே சிரிப்பார்.

ஒருநாள் காலை கிணற்றடியில் பல் துலக்கியபோது துப்பியது சிவப்பாக இருந்தது. காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினார். நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அன்று முழுவதும் இருவரும் அதைத் தவிர மற்றதையெல்லாம் பேசினோம்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாள் வந்திருக்கலாம். மண்ணைத் தள்ளி மூடியதை நீங்கள் பார்த்திருந்தால், தயவுசெய்து அன்றைக்கே பேசிவிடுங்கள். நாங்கள் ஒரு மழைக்காலத்தை வீணாக்கினோம்.

நான் கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளியில் ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் பெயர் லூர்தம்மாள். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, எழுதவும் கை வரவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அவர் "அவர்"தான்.

பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் காலை முதல் உட்கார்ந்திருந்தோம். சளியைச் சோதித்தார்கள். எக்ஸ்ரே (உடம்பின் உள்ளே இருப்பதை நிழலாகக் காட்டும் படம்) எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"சயரோகம்மா. ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கு. வலது பக்கம் குழியே விழுந்துடுச்சு."

சயரோகம் (நுரையீரலை அரிக்கும் கிருமி நோய், காசம் என்றும் சொல்வார்கள்) என்ற சொல்லை அதுவரை பக்கத்து வீட்டுக்காரர்களின் விஷயமாகவே கேட்டிருந்தேன். குழி என்றால் கிருமி அரித்துப்போன பொந்து என்று டாக்டர் விளக்கினார். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் காற்றேற்றும் சிகிச்சை (விலாவுக்குள் ஊசியால் காற்றை ஏற்றி, கெட்ட நுரையீரலைச் சுருக்கி அதற்கு ஓய்வு கொடுப்பது) செய்யலாமாம். இரண்டு பக்கமும் கெட்டவருக்கு எந்தப் பக்கத்தைச் சுருக்குவது? இப்போது சீமையிலிருந்து ஓர் ஊசிமருந்து வருவதாகச் சொல்கிறார்கள். அன்று அது இல்லை.

"அப்ப மருந்து என்னங்க டாக்டர்?" என்றேன்.

"ஓய்வு, காத்து, சாப்பாடு. முட்டை, பால், கறிச்சாறு. இந்த வியாதி உடம்பைத் திங்கும். அது திங்கறதைவிட நீங்க அதிகமாப் போடணும்."

சானடோரியத்தில் (சயரோகிகளுக்கான காற்றோட்டமான மருத்துவ விடுதி) படுக்கை காலியில்லை. டவுனில் இருந்த இருட்டு வீட்டை விட்டு அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். பின்னால் வெற்றிடமும் ஒரு முருங்கை மரமும் இருந்தன. அவருடைய கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். துப்புவதற்கு மூடியுள்ள ஒரு மண்சட்டியில் ஃபினாயில் கலந்த தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்லியிருந்தார்கள். தினமும் அதைக் குழியில் கொட்டி மண் போட்டு மூடுவேன். அவருடைய தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனி.

அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அவர் சொன்னார்: "இது நோயில்ல லூர்து. தீர்ப்பு."

காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன். உட்காரு என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

எருமப்பட்டி பக்கத்தில் நடந்த விபத்து எனக்குத் தெரியும். பஸ் முதலாளியின் மருமகன் ஒரு மாலை வண்டியை ஓட்டிப்போய், ஆடுகளை ஓட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு விவசாயியின் மேல் மோதிவிட்டான். அந்த விவசாயிக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று. என் கணவர் அன்று பக்கத்து சீட்டில் இருந்தார், கோர்ட்டில் சாட்சி சொன்னார். இதுவரை எனக்குத் தெரியும். வண்டியில் விளக்கு எரியவில்லை என்பது தெரியாது.

எரிந்தது என்று கோர்ட்டில் அவர் சொன்னார். வேதப்புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, ஆண்டவரைச் சாட்சி வைத்துச் சொன்னார். கண்டக்டரும் கிளீனரும் இருக்கும்போது முதலாளி இவரைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். வேதக்காரன் (கிறிஸ்தவன்) வேதத்தைத் தொட்டுப் பொய் சொல்லமாட்டான் என்று இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. நம்முடைய நல்ல பெயர் நமக்கே வினையானது. வழக்கு தள்ளுபடியாயிற்று. கால் போனவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"எந்த மூச்சால சத்தியம் பண்ணினேனோ அந்த மூச்சத்தான் எடுக்கறார்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னதற்கு ஒரு பங்கு, இத்தனை நாள் என்னிடம் சொல்லாததற்கு இரண்டு பங்கு. ஆனால் அந்த மார்பு ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு எதைத் திட்டுவது? பங்குச் சாமியாரை (எங்கள் கோயிலின் குருவானவர்) அழைத்து வந்தேன்.

சாமியார் அவரிடம் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் தனியாகப் பாவங்களைச் சொல்வது) கேட்டபோது நான் முருங்கை மரத்தடியில் நின்றேன். முடிந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். என் கணவர் தலையணையில் சாய்ந்துகொண்டு, எனக்கும் கேட்கட்டும் என்றே கேட்டார்: "சாமி, ஆண்டவர் ஒருதடவ தீர்ப்புச் சொல்லிட்டா அப்புறம் மாத்துவாரா?"

"மாத்தியிருக்கார்," என்றார் சாமியார்.

வேதத்தில் வரும் நினிவே பட்டணத்தின் கதையைச் சொன்னார். பட்டணம் அழியப்போகிறது என்று தீர்க்கதரிசி வந்து அறிவித்துவிட்டான். ராஜா முதல் குடிகள் வரை சாம்பலில் உட்கார்ந்து உபவாசம் இருந்தார்கள். ஆடு மாடுகளுக்கும் தீனி தண்ணீர் காட்டவில்லை. பட்டணம் தப்பியது. பிறகு எசேக்கியா ராஜாவின் கதை. வியாதியில் கிடந்தவனிடம், நீ பிழைக்கமாட்டாய், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்து என்று தீர்க்கதரிசி சொல்லிவிட்டுப் போனான். ராஜா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். தீர்க்கதரிசி முற்றத்தைத் தாண்டுவதற்குள் திருப்பி அனுப்பப்பட்டான். பதினைந்து வருஷம் கூட்டித் தரப்பட்டது. அதற்கு அடையாளமாக வெயிலின் நிழல் பின்னால் நகர்ந்தது. ராஜாவின் கட்டிக்கு அத்திப்பழத்தைப் பற்றுப் போடச் சொன்னார்கள். பிழைத்துக்கொண்டான்.

"எனக்கும் மாத்துவாரா சாமி?"

"கேளு. ஆனா முதல்ல காலு போனவன்கிட்டப் போயி கேளு."

டாக்டர் கேட்டால் அடிக்க வருவார் என்று தெரிந்தும் போனோம். என் கணவர் தாம் ஓட்டிய அதே வழித்தடத்தில், வேறொருவன் ஓட்டிய வண்டியில், வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு வந்தார். நாமக்கல்லில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தோம்.

அந்த விவசாயியின் பெயர் நாச்சிமுத்து. வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கக்கத்தில் வைக்கும் கட்டை பக்கத்தில் கிடந்தது. வற்றிப்போன முகம் யாருடையது என்று தெரியாமலேயே, "வாங்க சாமி, உக்காருங்க," என்றார். அவர் மனைவி பாவாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

என் கணவர் உட்காரவில்லை. "விளக்கு எரியலைங்க," என்றார். "எரிஞ்சதுன்னு கோர்ட்டுல நாந்தான் பொய் சொன்னேன்."

பாவாயி சொம்புத் தண்ணீரைத் தரையில் கொட்டினார். "கும்புடற சாமி மேல பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டு, இப்ப எதுக்குங்க ஊடு தேடி வந்தீங்க?" என்றார். சரியான கேள்வி.

நாச்சிமுத்து தழை ஒடிப்பதை நிறுத்தினார். கையிலிருந்த தழையை ஓர் ஆடு இழுத்துத் தின்றது. பிறகு, "நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் காலு மொளைக்கப் போகுதுங்களா," என்றார். என் கணவருக்கு இருமல் வந்தது. அது அடங்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார் நாச்சிமுத்து.

"எத்தன மாசமா இந்த இருமலு?"

நான் சொன்னேன்.

"சோறு எறங்குதுங்களா?"

"கொஞ்சந்தாங்க."

அவ்வளவுதான் பேச்சு. எந்தத் தெருவில் இருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் என் கணவர் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்: "மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லலையே லூர்து."

"திட்டவும் இல்லையே," என்றேன்.

வாரம் ஒன்று போயிருக்கும். வாசலில் ஆடு கத்தும் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். கையில் ஒரு வெள்ளாடு, அதன் பின்னால் ஒரு குட்டி. கரி பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஆட்டை முருங்கை மரத்தில் கட்டினார்.

"இந்த நோவுக்கு வெள்ளாட்டுப் பாலு நல்லதுங்க. காலையிலயும் பொழுதோடவும் கறந்து காய்ச்சிக் குடுங்க. வாடை அடிச்சா துளி கருப்பட்டி போட்டுக்குங்க." ஜன்னலுக்குள் என் கணவரைப் பார்த்து, "குடிச்சுத் தேறுங்க. நான் வாரேனுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. ஆடு கறந்தவள் இல்லை. முதல் நாள் பால் சொம்பில் விழுந்ததைவிட என் சேலையில் விழுந்ததுதான் அதிகம். ஆடு வாய்க்கு எட்டியதையெல்லாம் தின்றது. போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவையை நிலைப்படியிலிருந்து இழுத்துத் தின்றபோது அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பு அது.

அந்தப் பாலில் அவர் தேறினார். மாலைக் காய்ச்சல் குறைந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டாக்டர் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "எதைக் குடுக்கறீங்களோ அதையே குடுங்க," என்றார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சுவரில் விழுந்திருந்த ஜன்னல் நிழலைக் காட்டி, "பின்னால நகருதா பாரு," என்றார். எசேக்கியாவுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று பேரமும் பேசினார். நான் நம்பினேன். தீர்ப்பு மாறிவிட்டது என்றே நம்பினேன்.

பிறகு விபூதிப் புதன் வந்தது. தபசு காலம் (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம்) தொடங்கிற்று. எங்கள் வீடுகளில் அந்த நாற்பது நாளும் ஒருசந்தி (நாளுக்கு ஒரே வேளை முழுச்சாப்பாடு உண்ணும் நோன்பு) பிடிப்போம். சாமியார் வந்து என் கணவரின் நெற்றியில் சாம்பல் பூசினார். "நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது. முட்டை, கறி, பால் எல்லாம் சாப்பிடணும். இது என் உத்தரவு," என்றார். அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுகிறவர் எல்லாம் சம்மதித்தவர் ஆகமாட்டார் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

டம்ளர் ஒவ்வொரு முறையும் காலியாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் காய்ச்சல் திரும்பி வந்தது, கன்னம் வற்றியது, குரல் கம்மியது. பால் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று டாக்டரிடம் கேட்டேன். அவருக்கும் புரியவில்லை.

ஃபினாயிலைத் தண்ணீரில் விட்டால் தண்ணீர் பால் போல வெளுக்கும். யுத்தத்தில் ஃபினாயிலுக்கும் தட்டுப்பாடு. ஒருநாள் கடையில் கிடைக்காமல், சட்டியில் வெறும் வெந்நீரை ஊற்றி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அதை அவரிடம் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை. மாலையில் வந்து மூடியைத் திறந்தேன். சட்டி வெள்ளையாக இருந்தது.

நான் கறந்த பால். காய்ச்சி, கருப்பட்டி போட்டு, ஆற்றிக் கொடுத்த பால். எத்தனை நாளாக அதைத் துப்பல் சட்டியில் ஊற்றினார் என்று நான் கேட்கவில்லை. விபூதிப் புதனிலிருந்துதான் என்பது கேட்காமலே தெரிந்தது.

"ஏனுங்க இப்படிச் செஞ்சீங்க?"

அவர் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "எசேக்கியா அழுதான். நினிவேயில ஆடு மாடுகூடப் பட்டினி கெடந்துச்சு. நான் என்ன பண்ணினேன்? எவன் காலுக்கு எதிரா சத்தியம் பண்ணினேனோ அவன் ஆட்டுப்பாலக் குடிச்சுக் கொழுத்தேன். அவன் வாயால மன்னிச்சேன்னு சொல்லல. நான் எதையும் அனுபவிக்காம தீர்ப்பு மட்டும் எப்படி மாறும் லூர்து?"

"எசேக்கியாவுக்கு அத்திப்பழம் அரைச்சுப் போடச் சொன்னாரே, அது யாருங்க? அவன் அழுதுக்கிட்டே அதைத் தட்டிவிட்டானா?" என்று கத்தினேன். நோயாளியிடம் கத்தக் கூடாது என்று உங்களுக்கெல்லாம் நான் சொல்ல வேண்டியவள். நான் கத்தினேன். ஆடு கத்தியது.

கடைசியில் அவர் மெதுவாக, "அத்திப்பழத்த மறந்துட்டேன்," என்றார்.

அன்று என் கண்ணெதிரே ஒரு டம்ளர் பால் குடிக்க முயன்றார். தொண்டையில் இறங்கவில்லை. நோய் குரல்வளைக்குப் போயிருந்தது. விழுங்குவது முள்ளை விழுங்குவது போல் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பாதி கடைவாயில் வழிந்தது. இப்போது அவர் கேட்டுக் குடித்தார். உடம்பு வாங்கிக்கொள்ளவில்லை.

தபசு காலத்தின் கடைசி ஞாயிறான குருத்து ஞாயிற்றுக்கு முந்திய வாரம் ரத்தமாக எடுத்தார். சாமியார் வந்து அவஸ்தை பூசினார் (நோயில் கிடப்பவருக்கு மந்திரித்த எண்ணெய் பூசும் சடங்கு). மறுநாள் மத்தியானம், ஜன்னல் வெயில் கட்டிலின் காலைத் தொட்ட நேரத்தில், இருமல் நின்றது. அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பாலைக் குடித்திருந்தால் பிழைத்திருப்பாரா? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாதும்மா. சில மாசம் கூடியிருக்கலாம். கூடாமலும் போயிருக்கலாம்." பொய் சொல்லி என்னைத் தேற்றாததற்கு இன்றுவரை அவருக்கு நன்றியுடையவளாக இருக்கிறேன்.

என் நாத்தனார், அவருடைய அக்கா, அடக்கத்துக்கு எடப்பாடியிலிருந்து வந்திருந்தார். கல்லறையிலிருந்து திரும்பியதும், கூடியிருந்த பெண்களிடம் பெருமூச்சோடு சொன்னார்: "உத்தம மனஸ்தாபம் (முழுமையான பாவ வருத்தம்) இருந்திருந்தா ஆண்டவர் எறங்கியிருப்பாரு. எங்கேயோ கொஞ்சம் கொறஞ்சுபோச்சு."

சயரோகம் கொன்றதைவிட அந்தச் சொல் என்னை அதிகம் கொன்றது. குறைந்து போயிற்றாம். அந்த மனிதர் தன் எலும்பையே மனஸ்தாபமாக ஆக்கிவிட்டுப் போயிருந்தார். உங்கள் வீட்டுத் துக்கத்துக்கும் யாராவது இப்படி அளவுகோலோடு வருவார்கள். வரட்டும். வாசலோடு நிற்கட்டும்.

சாமியார் பின்முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். நேராகப் போய்க் கேட்டேன்: "மாத்தியிருக்கார்னு சொன்னீங்களே சாமி."

"மாத்தியிருக்கார்மா. மாத்தாமலும் இருந்திருக்கார்." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தாவீது ராஜா கதையும் இருக்கு. பாவம் பண்ணினான், மனஸ்தாபப்பட்டான். பாவம் மன்னிக்கப்பட்டுச்சு. ஆனா புள்ள சாகும்னு தீர்ப்பு. அந்தப் புள்ளைக்காகத் தரையில கெடந்து உபவாசம் இருந்தான். புள்ள செத்துப்போச்சு. படுத்துக் கெடக்கறவன்கிட்ட அந்தக் கதையச் சொல்ல எனக்கு மனசு வரல."

"எசேக்கியாவுக்கு ஒரு நியாயம், தாவீதுக்கு ஒரு நியாயமா?"

"எனக்குத் தெரியல லூர்தம்மா. தெரிஞ்ச மாதிரி பிரசங்கம் பண்ணியிருக்கேன். தெரியல."

"புள்ள செத்தப்புறம் தாவீது என்ன பண்ணினான்?"

"எழுந்து குளிச்சான். கோயிலுக்குப் போனான். வந்து சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டான். வேலைக்காரங்களுக்கு ஒண்ணும் புரியல."

அப்போதுதான் ஆடு கத்துவது என் காதில் விழுந்தது. முந்தின நாளிலிருந்து யாரும் கறக்கவில்லை. குட்டி இதற்குள் பால் மறந்திருந்தது. மடி கட்டிப்போய், தொட்டால் துள்ளியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து கறந்தேன். சொம்பு நிறைந்தது. யாருக்குக் கொடுப்பது? நின்றபடியே குடித்தேன். சூடாக, வாடையோடு, கருப்பட்டி இல்லாமல்.

"லூர்து, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஒருசந்தி. புருசனப் பொதச்ச கையோட..." என்றார் நாத்தனார்.

"இருக்கட்டுங்க," என்றேன். சொம்பைக் கீழே வைக்கவில்லை.

சில நாள் கழித்து நாச்சிமுத்து வந்தார். தோளில் அகத்திக்கீரைக் கட்டு, ஆட்டுக்கு. காலியான கட்டிலை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கட்டை வழுக்கியது போல அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "கடைசி வரைக்கும் பாலு குடிச்சாருங்களா?"

குடித்தார் என்று சொல்லியிருக்கலாம். எவருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இந்த மனிதரிடம் எங்கள் வீட்டிலிருந்து ஏற்கெனவே ஒரு பொய் போயிருக்கிறது.

"கொஞ்ச நாள் குடிச்சாருங்க. நல்லாவும் ஆனாரு. அப்புறம் குடிக்கலைங்க. உங்களுக்குச் செஞ்சதுக்காகப் பட்டினி கெடந்தாரு. நீங்க மன்னிச்சேன்னு சொல்லலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

அவர் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாய் கோணியது.

"ஆட்டக் கொண்டாந்து கட்டுனேனேங்க," என்றார். "சூல் நின்னு ஈன்ன கறவ ஆடுங்க அது. எங்கூட்டுக்காரி ரெண்டு நாளு சோறு போடல எனக்கு. அதுக்கு மேல வாயில என்னத்தங்க சொல்றது?"

எங்கள் மதத்தில் மன்னிப்பு என்றால் ஒரு குருவானவர் கையை உயர்த்தி, வார்த்தையாகச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைக் காதால் கேட்டுத்தான் எழுந்திருப்போம். அவர்கள் ஊரில் ஆட்டைக் கட்டிவிட்டுப் போவார்கள். என் கணவர் வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மன்னிப்போ முருங்கை மரத்தடியில் நின்று காலையும் மாலையும் கத்திக்கொண்டிருந்தது.

புதைத்த இடத்தைக் காட்டுங்கள் என்றார். அழைத்துப் போனேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் எப்படி நிற்பது என்று தெரியாமல், செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தார், ஒற்றைச் செருப்பு. மண்மேட்டின் முன்னால் கட்டையை ஊன்றி நின்றார். சந்தையில் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது போல உரக்கச் சொன்னார்:

"சாமி, நான் அப்பவே மன்னிச்சுப்போட்டேனுங்க. ஆடு கொண்டாந்தது அதுக்குத்தானுங்க."

திரும்பி என்னைப் பார்த்தார். "கேட்டிருக்குமுங்களா?"

"தெரியலீங்க," என்றேன்.

அந்த வருஷக் கடைசியில் டாக்டர் என் மார்பையும் படம் எடுத்தார். ஜன்னலில் தூக்கிப் பிடித்து, மேலே ஓர் இடத்தைக் காட்டினார். சிறிய வெள்ளைப் புள்ளி. சுண்ணாம்புக் கட்டு (கிருமியைச் சுற்றி உடம்பு தானே கட்டிக்கொள்ளும் சுவர்) என்றார். "உங்களுக்கும் வந்திருக்கு. வந்து, ஆறிப்போயிருக்கு. அந்தச் சமயத்துல நல்லாச் சாப்பிட்டீங்களா?"

முட்டை ஏது. அவருக்குக் கறந்ததில் டம்ளருக்கு மேல் மிஞ்சிய பாலை வீணாக்கக் கூடாதே என்று நான் குடித்து வந்தேன். அவ்வளவுதான். எந்த மனஸ்தாபமும் இல்லாமல், தீர்ப்பு சொல்லப்பட்டதே தெரியாமல், எனக்கு மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் யாருக்கு நன்றி சொல்வது, யாரிடம் சண்டை போடுவது? இரண்டையும் செய்கிறேன். பெரும்பாலும் ஒரே ஜெபத்தில்.

மூச்சை இழுக்கும்போது அந்தப் புள்ளி இருக்கும் இடம் எனக்குத் தெரிகிறது. தெரியாது என்கிறார் டாக்டர். எனக்குத் தெரிகிறது. நாட்களும் முன்போல வரிசையாக வருவதில்லை. சுவரில் ஜன்னல் நிழல் நகரும்போதெல்லாம், அது எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்புகிறேன். எப்போதும் முன்னால்தான் போகிறது.

விபூதிப் புதன் தோறும் கோயிலிலிருந்து சாம்பல் நெற்றியோடு வந்து, ஆட்டைக் கறந்து குடிக்கிறேன். இப்போது இருப்பது அந்த ஆட்டின் பேத்தி. ஒருசந்தி முறிந்துபோகிறது என்று நாத்தனார் இன்னும் சொல்கிறார். முதல் வாய் மட்டும் ஒவ்வொரு வருஷமும் தொண்டையில் நின்றுவிடுகிறது. அது இறங்கும்வரை நின்றுகொண்டிருப்பேன். இறங்கியதும் மீதியைக் குடிப்பேன்.